மாத்திரைக்கும் மாதிரி ஒட்டிய அக்கா

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தவன். அதற்காக யாரும் என்னைக் குறைத்து எடை போட வேண்டாம். நான் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டுதான் இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நாலாம் வகுப்புக்குப் போகிறார்கள். ஓட்டை மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இப்போது என் தையல்கூடம் மாடி வைத்தது. கீழே வெட்டும் மேசையும் மெஷின்களும், மேலே இஸ்திரியும் பேக்கிங்கும். கணக்குப் படித்தவர்கள் என்னிடம் வந்து கைகட்டி நின்று ஆர்டர் கேட்கிறார்கள். இதெல்லாம் என் தலையும் என் கையும் சம்பாதித்தது. இதில் எவனுக்கும் பங்கு கிடையாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். எங்கள் சட்டையில் பட்டன் மாறிப் போனதே இல்லை என்று ஊரே சொல்கிறதே, அந்தப் பெயர் என்னுடையது அல்ல. என் அக்காவுடையது. அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனால் நீலத்தில் எத்தனை நீலம் உண்டு என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். நமக்கு எல்லாம் ஒரே நீலமாகத் தெரியும். அவள் பட்டனை விரலிடுக்கில் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, "இது அழுத நீலம், அது சிரிச்ச நீலம், ரெண்டையும் ஒரே சட்டையில வெச்சா சண்டை வரும்" என்பாள். அவள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றை மாதிரிக்கு ஒட்டி வைத்திருப்பாள். பெயர் எழுதிய சீட்டு எதுவும் கிடையாது. "எழுத்துல யாரு வேணா என்ன வேணா எழுதிட்டுப் போகலாம்டா தம்பி. முகத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்பது அவள் கட்சி.

கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களையும் அவள் இப்படித்தான் பார்த்தாள். வெளிச்சத்தில் நிறுத்தி, மேலும் கீழும் ஒரு பார்வை. "சாயம் ஒத்து வரல." அவ்வளவுதான். வந்தவர் காபிகூடக் குடிக்காமல் போய்விடுவார். இப்படியே வயது அறுபதை நெருங்கிவிட்டது. நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

அந்த நேரத்தில்தான் மாடிக்கு ஒரு புது இஸ்திரிக்காரர் வந்தார். மனைவியை இழந்தவர், நல்ல உயரம். பேச்சு என்பதை ஏதோ வாடகைக்கு வாங்கி வைத்திருப்பது போல் மிச்சம் பிடிப்பார். வந்த முதல் நாள் அக்காவிடம் பட்டன் விழுந்த ஒரு சட்டையை நீட்டினார். அக்கா அவரை ஜன்னல் பக்கமாகத் திரும்பச் சொன்னாள். அவரும் ஏன் என்று கேட்காமல் திரும்பினார். அன்று மாலை அக்கா என் மனைவியிடம் போய், "ஒத்து வருதுடி" என்றாள்.

என் மனைவிக்கு முதலில் புரியவில்லை. "எந்த பட்டன் அண்ணி?"

"பட்டன் இல்ல. மாடியில நிக்கிறாரே, அவரு."

அதற்குப் பிறகு எங்கள் தையல்கூடத்தில் யாரும் நேராக நடந்ததாக எனக்கு நினைவில்லை. எல்லாரும் மிதந்தார்கள். இஸ்திரிக்காரர் அக்காவின் கைக்குட்டைகளைக்கூட மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தார். அக்கா அவர் சட்டைக்கு, யாருக்கும் தராத சிப்பிப் பட்டனை எடுத்து வைத்துத் தைத்தாள். வெட்டும் மேசையில் நிற்கிற கட்டிங் மாஸ்டர் என்னிடம் வந்து குனிந்து காதில் சொன்னார்: "முதலாளி, நீங்க இனிமே நம்ம இஸ்திரிக்காரரை அத்தான்னு கூப்பிடணும். இப்பவே பழகிக்குங்க." என்னிடம் சம்பளம் வாங்குகிறவரை அத்தான் என்று கூப்பிட நான் தயங்கினேன் என்று நினைத்தீர்களா? மறுநாள் காலையிலேயே மாடிப்படியில் நின்று, "அத்தான், காலர் எல்லாம் ரெடியா?" என்று கூப்பிட்டேன். அவர் தண்ணீர் தெளிக்கிற குவளையைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டார். பெரிய மனது இருந்தால்தான் இதெல்லாம் வரும்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவானது. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை.

இப்போது அக்காவின் மாத்திரைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கொஞ்ச நாளாகவே பிரஷர். டாக்டர் தினம் காலையில் ஒன்று என்று ஒரு ரோஸ் நிற மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் அட்டையை அப்படியே வைத்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அது பொறுக்காது. எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, ஒரு பழைய பெரிய பட்டன் பெட்டியில், இழுப்பறைக்கு ஒரு நிறமாகப் போட்டு வைத்தாள். முகப்பில் மாதிரிக்கு ஒரு மாத்திரையைப் பசை தடவி ஒட்டியும் வைத்தாள். காலி அட்டை வெட்டுத்துணி மூட்டைக்குப் போய்விடும்.

பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததால், கூடத்தில் எல்லாருமே மிச்சம் வைத்த மாத்திரையை அவளிடம் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். கட்டிங் மாஸ்டருக்கு மூட்டுவலி குறைந்தபின் மீந்தது, பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பெண்ணுக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்தது, என் மனைவியின் சளி மாத்திரை என்று எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. அக்கா அளவும் நிறமும் பார்த்து அந்தந்த அறையில் சேர்த்துவிடுவாள். யாருக்காவது தலைவலி என்றால், "வெள்ளை, வட்டம், நடுவுல கோடு போட்டது" என்று ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். பட்டன் தொழிலில் இது சரிதான். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே துளை என்றால் அது ஒரே பட்டன்தான், யார் வீட்டிலிருந்து வந்தால் என்ன?

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு இஸ்திரிக்காரர் தானே மருந்துக்கடைக்குப் போனார். வருங்கால மனைவிக்கு அவர் செய்த முதல் வேலை. மருந்துப் பொட்டலத்தைத் தேய்த்த துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் படியேறிப் போய்விட்டார். அக்கா பிரித்துப் பார்த்தாள். உள்ளே மஞ்சள் மாத்திரை.

பெட்டியில் ரோஸ் இன்னும் கணிசமாக இருந்தது. இது மஞ்சள். ஆக, டாக்டர் இன்னொரு மாத்திரை கூட்டியிருக்கிறார் என்று அக்கா முடிவு செய்தாள். நிறம் வேறு என்றால் சரக்கு வேறு, அது அவளுக்கு எழுதாத சட்டம். மஞ்சளுக்கும் ஒரு அறை, ஒரு மாதிரி. மறுநாள் காலையிலிருந்து ரோஸ் ஒன்று, மஞ்சள் ஒன்று.

அக்காவின் தலை சுற்ற ஆரம்பித்தது.

முதலில் ஸ்டூலிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கூடமே சிரித்தது. "பட்டன் அக்காவுக்குக் காதல் தலைக்கேறிடுச்சு" என்றாள் காஜா எடுக்கும் பெண்.

"ஏறட்டும், இறங்கும்போது பார்த்துக்கலாம். வேலையைப் பாருங்கடி" என்றாள் அக்கா. கன்னம் மட்டும் சிவந்தது.

அப்புறம் ஒருநாள் நீலச் சட்டை கட்டு ஒன்றுக்குப் பச்சைப் பட்டனை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கட்டிங் மாஸ்டர் அதைத் தட்டில் வைத்து, ஏதோ செத்துப்போன பறவையைத் தூக்கி வருவது போல் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் இத்தனை வருஷத்தில் பார்க்காத விஷயம் அது.

அதற்கும் மறுநாள் மாடிப்படியில் கால் தவறியது. மேல்படியில் நின்ற இஸ்திரிக்காரர் ஒரு கையில் சூடான இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொரு கையால் அவளைத் தாங்கினார். மாடியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆனால் அக்கா கைதட்டலைக் கேட்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இந்தக் கல்யாணம் வேண்டாம்."

அவர் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

"எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ பெரிய கோளாறு வந்திருக்கு. பச்சையும் நீலமும் தெரியல, தரையும் படியும் தெரியல. இந்த வயசுல ஒரு மனுஷனைக் கட்டிக்கிட்டு, அவரை எனக்குக் கஞ்சி ஊத்தற ஆளா ஆக்கணுமா? ஒரு தடவை பொண்டாட்டியை ஆஸ்பத்திரியில பார்த்துக்கிட்டவரு. இன்னொரு தடவை வேண்டாம்."

"நான் பார்த்துப்பேன்" என்றார் அவர். அவர் வாயிலிருந்து ஒரே நாளில் வந்த அதிகபட்சப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"பார்த்துப்பீங்க. அதனாலதான் வேண்டாங்கறேன்."

அன்று மாலைக்குள் அவர் ஒரு காலரைக் கருக்கிவிட்டார். அந்தக் காசை நான் சம்பளத்தில் பிடிக்கவில்லை.

முடிவெடுப்பதில் நான் மின்னல் என்பது என் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை, மனைவி "மருந்துக்கடையில ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று சொல்லி முடிக்கும் முன்பே நான் செருப்பை மாட்டிவிட்டேன். "அக்கா, கிளம்பு. நீ முழுங்கற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"எந்த அறைன்னு எடுப்பேன்? ஒண்ணை உருவினா வரிசை கலைஞ்சிடும். பெட்டியோட வந்தா வரேன், இல்லன்னா வரல."

பெட்டியைத் தூக்க யார் முன்வந்தார் என்று நினைக்கிறீர்கள்? கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்தான். தோளில் ஏற்றிக்கொண்டார். முன்னால் நான், நடுவில் என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா, பின்னால் அவர். எங்களுக்கு வேலை ஓடவில்லை என்று சொல்லிக் கட்டிங் மாஸ்டரும் காஜா எடுக்கும் பெண்ணும் சேர்ந்துகொண்டார்கள். தெருவில் முடிதிருத்துகிறவர் பாதிச் சவரத்தில் கத்தியை நிறுத்திவிட்டு, "என்ன முதலாளி, பட்டன் ஊர்வலமா?" என்றார். நுரை பூசிய முகத்தோடு அவருடைய வாடிக்கையாளரும் எட்டிப் பார்த்தார்.

மருந்துக்கடையில் இருப்பது கண்ணாடி போட்ட ஒரு பெண். மருந்து படித்தவள். யாரையும் அவசரப்படுத்த மாட்டாள், யாரும் அவளை அவசரப்படுத்தவும் முடியாது. முதலில் அக்காவை உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். முகம் மாறியது. "பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கேம்மா. என்ன சாப்பிடறீங்க?"

அக்கா பெருமையோடு பெட்டியைக் காட்டினாள். "எல்லாம் இங்க இருக்கு. நீயே முகத்தைப் பார்த்துக்கோ."

அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தாள். முகப்பில் வரிசையாக ஒட்டிய மாத்திரைகளைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒரு இழுப்பறையைத் திறந்தாள்.

"இந்த வெள்ளை எல்லாம் யாருது?"

"கூடத்துல எல்லாருதும்."

"எல்லாரும்னா?"

"என்னோட முட்டிக்கு வந்தது அதுல இருக்கு" என்றார் கட்டிங் மாஸ்டர், ஏதோ சொத்தில் பங்கு கேட்பது போல.

"என் பல்லுக்கு வந்ததும்" என்றாள் காஜா எடுக்கும் பெண்.

"அப்படியா. இவங்களுக்குத் தலைவலின்னா உங்க முட்டி மாத்திரையைச் சாப்பிட்டிருக்கலாம். உங்களுக்கு முட்டி வலிச்சா இவங்க பல் மாத்திரையைச் சாப்பிட்டிருக்கலாம்."

மாஸ்டர் தன் முழங்காலை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வெள்ளை, வட்டம், நடுவுல கோடு. எல்லாம் ஒண்ணுதானே?" என்றாள் அக்கா.

"பட்டன்ல ஒண்ணும்மா. மாத்திரையில முகம் ஒண்ணா இருக்கும், குணம் வேறயா இருக்கும். குணம் ஒண்ணா இருக்கும், முகம் வேறயா இருக்கும். சரி, இந்த ரோஸும் மஞ்சளும் என்ன?"

"ரெண்டும் காலையில. மஞ்சள் புதுசா வந்தது."

அந்தப் பெண் மஞ்சளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா முகத்தைப் பார்த்து ஊகிச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். அட்டை எங்க?"

அட்டை வெட்டுத்துணி மூட்டையில்.

என் தையல்கூடம் ஒரு காலத்திலும் அன்றைக்குப் போல வேலை செய்ததில்லை. அக்காவையும் என் மனைவியையும் கடையிலேயே உட்காரவைத்துவிட்டு மற்ற எல்லாரும் திரும்பி ஓடினோம். மூட்டைகளை அவிழ்த்துத் தரையில் கொட்டினோம். துணித்துண்டு, நூல், காலர் விளிம்பு என்று முழங்கால் வரை குவியல். மெஷின்காரர்கள் எல்லாரும் தவழ்ந்தார்கள். கட்டிங் மாஸ்டரின் மீசையில் சிவப்பு நூல் தொங்கியது, யாரும் அவரிடம் சொல்லவில்லை. "கிடைச்சிடுச்சு" என்று காஜா எடுக்கும் பெண் கையைத் தூக்கினாள். அது மிட்டாய்க் காகிதம். கடைசியில் இஸ்திரிக்காரர்தான் இரண்டு மூட்டைக்கு நடுவில் தலைகீழாகக் கிடந்து, நசுங்கிய இரண்டு அட்டைகளோடு எழுந்து வந்தார். தலை முழுக்கப் பஞ்சு. அதோடு அப்படியே மருந்துக்கடைக்கு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். என் வயதில் அப்படி ஓடக்கூடியவர்கள் இந்தத் தெருவில் வேறு யாரும் கிடையாது.

மருந்துக்கடைப் பெண் இரண்டு அட்டைகளையும் இஸ்திரிக்காரர் கையாலேயே நீவிவிடச் சொன்னாள். பிறகு அக்காவின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றாள் அக்கா.

"படிக்க வேண்டாம். பெரிய எழுத்து கம்பெனிக்காரன் வெச்ச பேரு, அதை விட்டுடுங்க. அதுக்குக் கீழே சின்னதா ஒரு வரி இருக்கு பாருங்க, அதுதான் மருந்தோட பேரு. இந்த வரியையும் அந்த வரியையும் பட்டன் மாதிரி ஒப்பிட்டுப் பாருங்க."

அக்கா இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துக் கதவுப் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் கண் எழுத்தெழுத்தாக நகர்ந்தது.

"இங்க ஒரு கொக்கி, அங்கயும் கொக்கி. இங்க ரெண்டு குண்டு, அங்கயும் ரெண்டு குண்டு. கடைசியில ஒரு வால்." நிமிர்ந்தாள். "ஒரே அச்சு."

"ஒரே மருந்து. கம்பெனி வேற, அதனால நிறம் வேற. பழைய கம்பெனி சரக்கு அன்னைக்கு வரல. நீங்க தினமும் ஒரே மாத்திரையை ரெண்டு தடவை சாப்பிட்டிருக்கீங்க. பிரஷர் இவ்வளவு இறங்கினா தலை சுத்தத்தான் செய்யும்."

"அப்போ எனக்குப் பெரிய கோளாறு..."

"இதுதான் காரணமா இருக்கும்னு தோணுது. இருந்தாலும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நீங்களா எதையும் நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்." டாக்டருக்கு அங்கிருந்தே போன் செய்து, அன்று சாயங்காலமே பார்க்க நேரம் வாங்கினாள். அதுவரை எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருக்கச் சொன்னாள். போனை வைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா ஒண்ணு. 'நிறம்தான் வேற, மருந்து அதேதான், பழசு தீர்ந்த பிறகு இதை ஆரம்பிக்கச் சொல்லுங்க'ன்னு நான் தெளிவா சொல்லித்தான் குடுத்தேன். உயரமா ஒருத்தர் வந்தார், தலையைக்கூட ஆட்டினாரே."

எல்லாருடைய தலையும் ஒரே சமயத்தில் திரும்பியது. இஸ்திரிக்காரர் பட்டன் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார். அது அவர் இடுப்புக்குத்தான் வந்தது.

"சொன்னாங்களா?" என்றாள் அக்கா.

"சொன்னாங்க."

"ஏன் எனக்குச் சொல்லல?"

அவர் தலையிலிருந்த பஞ்சை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். "வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். உள்ள வந்ததும் நீங்க நிமிர்ந்து பார்த்தீங்க."

"பார்த்தா?"

"எல்லாம் போயிடுச்சு."

காஜா எடுக்கும் பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பித் தோளைக் குலுக்கினார். மருந்து வாங்க வந்து நின்ற ஆட்கள்கூடத் தங்கள் வேலையை மறந்து சிரித்தார்கள். மருந்துக்கடைப் பெண் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், கண்ணாடி காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் மட்டும் குற்றவாளி போல நின்றார். "உங்க உயிருக்கே ஆபத்தாயிருக்கும். நீங்க வேண்டாம்னு சொன்னது சரிதான்" என்றார்.

அக்கா இரண்டு அட்டைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கலந்துபோன மாத்திரைகளை எல்லாம் கடைப்பெண் முறையாக அழிக்க வாங்கிக்கொண்டாள். வெள்ளை அறையைக் காலி செய்யும்போது மட்டும் அக்கா கொஞ்சம் முணுமுணுத்தாள். சாயங்காலம் டாக்டர் பார்த்தார். மருந்துக்கடைப் பெண் சொன்னதையே அவரும் சொன்னார். நாளை முதல் தினம் ஒன்றுதான், சில நாள் கழித்து மறுபடி வந்து பிரஷர் பார்க்க வேண்டும், யார் என்ன மருந்து கொடுத்தாலும் அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். காலி பட்டன் பெட்டியை அங்கேயும் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தார் இஸ்திரிக்காரர். ஏன் என்று அவரையே கேட்டாலும் தெரிந்திருக்காது.

திரும்பி வரும் வழியில் அக்கா யார் தோளையும் பிடிக்காமல், மெதுவாக, ஆனால் தனியாக நடந்தாள். தெரு முனையில் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அந்த ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணுமாம். ஒண்ணு என் தம்பி. இன்னொரு ஆளை நீங்க பாருங்க."

பின்னால் பெட்டி தடாலென்று தரையில் இறங்கிய சத்தம் கேட்டது. "எந்த ஆபீஸ்?" என்றார் அவர்.

"இதையும் மறந்துட்டீங்களா?"

"இல்ல, இல்ல. இதை மறக்கல."

"சனிக்கிழமைக்குள்ள பாருங்க. நடங்க."

அவர் கண்டுபிடித்த சாட்சி அந்த மருந்துக்கடைப் பெண்தான். கடையை ஒரு மணி நேரம் அடைத்துவிட்டு வந்தாள். நான் சாட்சிக் கையெழுத்தை அவ்வளவு அழகாகப் போட்டேன், அங்கிருந்த அதிகாரியே எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

இப்போது அவர்கள் தையல்கூடத்துக்குப் பின்னாலேயே ஒரு வீட்டில் இருக்கிறார்கள். அக்காவுக்குத் தலை சுற்றுவதில்லை. அழுத நீலமும் சிரித்த நீலமும் மறுபடி பிரிந்துவிட்டன. மருந்து வாங்கப் போவது இன்னும் அத்தான்தான். ஒரு முறை சொல்ல மறந்தவரை அக்கா மறுபடி அனுப்ப மாட்டாள் என்று நினைப்பீர்கள், ஆனால் அவரைத்தான் அனுப்புகிறாள். ஒரே ஒரு ஏற்பாடு. கடையிலிருந்து வந்ததும் அவர் வாசலில் நிலைப்படியோடு நின்றுகொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி கடையில் சொன்னது அத்தனையும் சத்தமாக ஒப்பிப்பார். "அதே கம்பெனி. அதே மருந்து. காலையில ஒண்ணு. பழசு தீர்ந்த பிறகு இது." தெருவில் போகிறவர்கள் எல்லாருக்கும் அக்காவின் மருந்து மனப்பாடம். உள்ளே அக்கா புது அட்டையையும் பழைய அட்டையையும் வெளிச்சத்தில் வைத்து, சின்ன வரியைக் கொக்கி கொக்கியாக ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

ஒத்து வந்தால், "சரி, திரும்புங்க" என்பாள்.

அப்போதுதான் அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பார்.